கை படாத மஞ்சள்

இந்தத் தழும்பைத்தானே பார்க்கிறீர்கள்? செங்கல்பட்டிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். நேராகவே பாருங்கள், கழுத்து பிடித்துக்கொள்ளப் போகிறது. மணிக்கட்டு முறிந்து, தகடு வைத்துத் தைத்த தழும்பு அது. உள்ளே தகடும் சில திருகுகளும் இருக்கின்றன. டைட்டானியம். பரணில் இருந்த பழைய கண்ணாடிக் குடுவையை எடுக்க முக்காலியின்மேல் ஏறினேன். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியைக்குப் பரணில் இருக்கும் குடுவை எதற்கு என்று கேட்காதீர்கள். என் தம்பி கேட்டுவிட்டான், தம்பி மனைவி கேட்டுவிட்டாள், எலும்பு மருத்துவரும் கேட்டுவிட்டார். குடுவைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வேண்டாம், முறுக்கு வேண்டாம். நன்றி. பயணத்தில் எண்ணெய்ப் பலகாரத்தை நான் தொடுவதில்லை. வயிற்றுக்காக இல்லை, விரலுக்காக. புரியவில்லை அல்லவா? நீங்கள் எதுவரை? திண்டுக்கல்லா? அப்படியானால் சொல்லி முடித்துவிடலாம். என் வகுப்பில் மாணவிகள் மணியைப் பார்ப்பார்கள். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம், நான் தவறாக நினைக்கமாட்டேன்.

தையல் பிரிக்கப் போன அன்று மருத்துவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். வரிசை வரிசையாகத் திருகுகள். ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை பச்சை, ஒன்று பொன்நிறம், ஒன்று ரோஜா. வளையல் கடைபோல் இருந்தது. எந்த நிறம் எந்த அளவு என்று முன்பே வகுத்துவிட்டார்களாம். அறுவை நடக்கும்போது எண்ணைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை, நிறத்தைச் சொன்னால் நர்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவாராம். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“உடம்புக்குள் போகும் பொருளுக்குச் சாயமா பூசுகிறீர்கள்?” என்றேன், விடைத்தாள் திருத்தும் குரலில்.

“சாயம் இல்லை மேடம், கரண்ட்,” என்றார் அவர்.

ஆயுள் முழுக்க மின்னாற்பகுப்பு நடத்தியவள் நான். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வீட்டுக்கு வந்து ஒற்றைக் கையால் புத்தகங்களைப் புரட்டினேன். டைட்டானியத்துக்குத் தன்மேல் தானே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும் குணம் உண்டு. ஆக்சைடு தோல், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். அதைச் சோடா கரைத்த நீரில் தொங்கவிட்டு, மின்கலத்தின் நேர்முனையில் இணைத்தால் தோல் தடிக்கும். எத்தனை வோல்ட் கொடுக்கிறோமோ அத்தனைக்குத் தடித்து நின்றுவிடும். அவ்வளவுதான். மழை பெய்த தெருவில் ஸ்கூட்டர் எண்ணெய் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அதே சங்கதி. தோலின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் மோதி, ஒரு நிறம் மடிந்து மற்றவை மிஞ்சுகின்றன. நிறம் என்று அதில் தனியாக ஒரு பொருளே கிடையாது. தோலின் கனம்தான் நிறம்.

இதை அறிந்ததோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு வரமாட்டேன்.

என் தம்பி சிதம்பரநாதன் திருச்சியில் இருக்கிறான். அவன் மகள் மதிவதனி. வதனி என்று கூப்பிடுவோம். அவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. நிச்சயதார்த்தத்தில் போட்ட சங்கிலி மறுநாளே கழுத்தைச் சுற்றிச் செந்தடிப்பாக எழுந்து, நீர் வைத்துப் புண்ணாகிவிட்டது. தங்கத்தோடு சேர்க்கும் உலோகம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோல் மருத்துவர் சொன்னார். கலப்பில்லாத சொக்கத் தங்கத்தில் செய்தால் வளையும், நெளியும். தாலி என்பது வாழ்நாளெல்லாம் தோலோடு கிடக்க வேண்டிய பொருள். தம்பி மனைவி தனபாக்கியம் தொலைபேசியில் அழுதாள்.

“தாலி கட்டின கழுத்து புண்ணாப் போனா ஊர் என்ன சொல்லும் அண்ணி?”

ஊர் என்ன சொல்லும் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வதனியின் கழுத்தில் எனக்கு அக்கறை உண்டு. அந்தக் குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள் நான். கூட்டல் கணக்கில் தப்பு விட்டால் அழமாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

“டைட்டானியத்தில் செய்வோம்,” என்றேன். “எலும்போடு கிடந்தே ஒன்றும் செய்யவில்லை, தோலை என்ன செய்யப் போகிறது?”

“என்ன கலரு அது?” என்றாள்.

“வெண்சாம்பல். எவர்சில்வர்போல் இருக்கும்.”

“ஐயோ, வெள்ளையா வேண்டவே வேண்டாம் அண்ணி. மஞ்சளா இருக்கணும். மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கவே மாட்டாங்க.”

“மஞ்சளாகவே செய்து தருகிறேன்.”

வெறும் நூலில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டினாலே தாலிதான், சாத்திரத்துக்கு அது போதும் என்று புரோகிதர் சொன்னாராம். அதைத் தனபாக்கியம் என்னிடம் சொன்னபோது, மஞ்சள் கிழங்கில் பூச்சி விழும் என்று அவள் வாயை அடைத்தேன். எளிய விடை கண்முன்னே இருக்கும்போது கடினமான விடையைத் தேடிப் போவது எங்கள் துறையின் பரம்பரை நோய்.

அம்பத்தூரில் என் பழைய மாணவி ஹேமாவதி பட்டறை வைத்திருக்கிறாள். மருத்துவமனைகளுக்குத் தகடும் திருகும் செய்வது அவள் தொழில். விமானங்களுக்கான திருகுகளும் உண்டு. அவற்றுக்கு நிறம் கிடையாது, மங்கிய சாம்பல் மேற்பூச்சு மட்டும். டைட்டானியத்தோடு டைட்டானியம் உராய்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாமல் இருக்க அதுவும் மின்சாரத்தால் வளர்த்த தோல்தான். பல் கட்டுபவர்களுக்கு, செயற்கைப் பல்லைத் தாங்கும் அடிமுளையை ரோஜா நிறத்தில் கொடுக்கிறாள். ஈறு மெலிந்தவர்களுக்குக் கறுப்பு நிழல் வெளியே தெரியாதாம். மூக்குக்கண்ணாடிச் சட்டம், காதணி, எல்லாம் காட்டினாள். பொட்டுத் தாலி என்று வரைந்து கொடுத்ததும் திகைத்தாள்.

“தாலியா மேம்? நானே கலரும் ஏத்திக் கொடுத்துடறேனே. எங்கிட்ட நல்ல மெஷின் இருக்கு.”

“வெட்டி, துளையிட்டு, மெருகேற்றிக் கொடு. நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“ஏன் மேம், என்மேல நம்பிக்கை இல்லையா?”

நம்பிக்கை இருந்தது. நானே செய்ய வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். தொழில்முறை ஆர்வம். வேறு காரணம் எதுவும் இல்லை.

தனபாக்கியம் திருச்சியிலிருந்து வந்து என் தாம்பரம் வீட்டில் தங்கினாள். அவள் வந்தது உதவிக்கு என்று நான் எண்ணினேன். பொன் உருக்குகிற சடங்கை எப்படிச் செய்வது என்பதுதான் அவள் கவலை. தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து ஆசாரி உருக்குவார், குடும்பத்துப் பெண்கள் சுற்றி நிற்பார்கள். டைட்டானியம் உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தில் என் வீட்டு அடுப்பும் உருகிவிடும் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப சுவிட்ச் போடறதை நல்ல நேரத்துல வச்சுக்கலாம்,” என்றாள். மின்வழங்கிப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வோல்ட் காட்டும் முள்ளின்மேல் ஒரு பொட்டு. அதைத் துடைக்காமல் அளவு பார்க்க முடியாது. துடைக்கவும் அவள் விடமாட்டாள். நான் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

என் சமையலறை மேடையில் ஓர் எவர்சில்வர் அடுக்கு. அதில் ஆப்ப சோடா கரைத்த நீர். அடுக்கே எதிர்மின்முனை. நடுவில், டைட்டானியக் கம்பியில் தாலி தொங்கும், அதுதான் நேர்மின்முனை. அடுக்கைத் தொடாமல் தொங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சுத்தம். சோப்பு, பிறகு ஸ்பிரிட், பிறகு காய்ச்சி வடித்த நீர். விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் தோல் சரியாக வளராது, திட்டுத் திட்டாக விழும். ஆகவே கையுறை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இடுக்கியால்தான் எடுத்தேன். கையுறைக்குக் காரணம் இரண்டு: எண்ணெய், மின்சாரம். வேறு காரணம் எதுவும் இல்லை. என் கணவர் காலமாகிப் பல காலம் ஆயிற்று. அதற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. நீங்கள் என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்து ஏதோ யோசிக்கிற முகமாக இருப்பதால் சொன்னேன்.

தனபாக்கியம் மிகுந்த ஆர்வம் காட்டினாள். “நீங்க சொல்லிக் கொடுங்க அண்ணி, போதும். கம்பியில நான் மாட்டறேன். சுவிட்சையும் நானே போடறேன்,” என்றாள். அந்த வயதில் மின்வேதியியலில் அப்படியொரு ஈடுபாட்டை நான் கண்டதில்லை. பட்டப்படிப்பு மாணவிகளே சுவிட்சருகில் போக அஞ்சுவார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்தேன். “எனக்கு எதுக்குங்க அண்ணி?” என்றாள். எண்ணெய் என்றேன். தலையில் தடவிய தேங்காயெண்ணெய் அவள் உள்ளங்கைவரை பளபளத்துக்கொண்டிருந்தது.

சுவிட்சை அவள் போட்டாள். வோல்ட்டைக் கூட்டும் திருகியை நான் மெல்லத் திருகினேன். பார்க்கப் பார்க்க நிறம் ஓடியது. முதலில் வெண்கலம், பிறகு கத்தரிப்பூ, பிறகு மயில்கழுத்து நீலம், நீலம் வெளுத்து வெளுத்து வானத்து நிறமாகி, அதற்குப் பிறகுதான் மஞ்சள். இதில் ஒரு விதி உண்டு. மேலே ஏறலாம், கீழே இறங்க முடியாது. தடித்த தோல் வோல்ட்டைக் குறைத்தால் மெலியாது. இந்த விதியைத்தான் தனபாக்கியத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கிக்கொண்டே திருகினேன். விளக்கம் நீண்டுவிட்டது.

“அண்ணி, ரோஸாப் போச்சே!”

ரோஜாதான். கண்ணைப் பறிக்கிற ரோஜா. பல் கட்டுவதற்கு மிகவும் ஏற்ற நிறம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நுண்ணிய உப்புத்தாளால் தோலைத் தேய்த்து நீக்கி, மறுபடி மெருகேற்றி, மறுபடி கழுவி, மறுபடி நல்ல நேரம் பார்த்து (அந்தப் பஞ்சாங்கம் என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை), இரண்டாம் முறை நான் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நான் செய்த ஒரே ஆய்வு அதுதான். வெற்றி பெற்றதும் அதுதான். எலுமிச்சையும் பொன்னும் கலந்த மஞ்சள். சற்றுச் சாய்த்தால் ஒளிரும்.

தனபாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தங்கத்தைவிட நல்லாருக்கே அண்ணி! ஒரு சிவப்புக் கல்லு மாதிரி நடுவுல மட்டும் சிவப்பு வருமா?”

“டைட்டானியத்தில் சிவப்பு வராது.”

“ஏன் வராது?”

விளக்கத் தொடங்கினேன். அவள் சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது நான் செய்த மடமையைச் சொல்கிறேன். அந்தத் தோல் உறுதியானது. நகத்தால் கீறினால் போகாது, சாயம்போல் வெளுக்காது. ஆனால் அதன்மேல் விரலெண்ணெய் பட்டால் ஒளியின் கணக்கு கெட்டுப்போய் நிறம் மங்கும். நிறம் எங்கும் போகாது, துடைத்தால் திரும்பிவரும். ஆனால் துடைக்கிறவரை அழுக்குப் பழுப்பாகத் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நம் திருமணங்களில் தாலியைத் தட்டில் வைத்து, கூடியிருக்கும் அத்தனை பேரிடமும் கொண்டுபோய், அத்தனை பேரும் தொட்டு வாழ்த்தித் தருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தவள் என்ன செய்ய வேண்டும்? நான் ஓர் அட்டை அச்சடித்தேன்.

“கையால் தொட வேண்டாம். வாழ்த்தை மனத்தால் வழங்கவும்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆய்வகத்தில் குடுவைக்குக் குடுவை ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியே வாழ்ந்தவள். எழுதி ஒட்டினால் உலகம் படிக்கும், படித்தால் பணியும் என்று உண்மையாகவே நம்பியவள். யாருமே தொடாமல் ஒரு தாலி கழுத்தில் ஏறினால் என்ன? எல்லாருக்கும் ஒரே விதி. தொட்டவர், தொடாதவர் என்ற பேச்சே எழாது அல்லவா? அது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! நிறத்தின் பொருட்டுத்தான் சொல்கிறேன்.

திருச்சியில் மண்டபம். நான் வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திருமணங்களில் நான் எப்போதுமே கடைசி வரிசைதான். அங்கேதான் மின்விசிறி நன்றாகச் சுற்றும். தனபாக்கியத்தின் தங்கை கமலவேணி தட்டை ஏந்தி வந்தாள். தேங்காய், மஞ்சள் தடவிய நூலில் தாலி, அட்சதை. என் அட்டை தேங்காய்க்கு அடியில் எங்கோ கிடந்தது. பிறகு பார்த்தபோது, யாரோ அதைக் கிழித்துக் குங்குமம் மடித்திருந்தார்கள்.

முகூர்த்தத்துக்கு முன்னாலேயே காலைச் சிற்றுண்டி பரிமாறியிருந்தார்கள். நெய் மிதக்கும் பொங்கல், வடை. அந்த விரல்களெல்லாம், அம்மா, அத்தனை விரல்களும் என் மஞ்சளின்மேல்! மூக்குப்பொடி போட்ட விரல், சந்தனம் குழைத்த விரல், குழந்தையின் மூக்கைத் துடைத்த விரல். ஒரு பெரியவர் தொட்டதோடு நிற்காமல் பெருவிரலால் அழுத்தித் தேய்த்து, “கெட்டியாத்தான் இருக்கு,” என்றார். வரிசை வரிசையாக வந்தது தட்டு. என் வரிசைக்கும் வந்தது. எனக்குப் பக்கத்து அம்மாள் தொட்டார். கமலவேணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தட்டைச் சற்று உயர்த்தி, எனக்கு அடுத்தவரிடம் நீட்டினாள். சரிதானே? செய்தவளே தொட வேண்டிய அவசியம் என்ன? நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நானே விரும்பித்தான் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் தட்டு என் கண்ணுக்கு நேரே போன அந்த நொடியில் தாலியைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் இல்லை. கனிந்துபோன வாழைப்பழத் தோலின் நிறம். திட்டுத் திட்டாகப் பழுப்பு, ஓரத்தில் ஊதா.

தட்டு மேடைக்குப் போனது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். மேடையில் மைக் இருந்ததால் மண்டபம் முழுவதும் கேட்டது:

“என்ன சம்பந்தி இது, தாலி கறுத்துக் கிடக்கு?”

மேளக்காரர் குச்சியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். முணுமுணுப்பு எழுந்தது. “தங்கம் இல்லையாமே.” “ஏதோ காலேஜ் அம்மா மருந்து போட்டுச் செஞ்சதாம்.” “கறுக்கிற தாலியைக் கட்டுவாங்களா?” தனபாக்கியம் முந்தானையால் துடைத்தாள். தலையெண்ணெய் ஊறிய முந்தானை. இன்னும் கறுத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். என் அறிவுக்கு அவள் கொடுத்த விலை அது. அவள் மகளின் முகூர்த்தம் என் மஞ்சளில் சிக்கிக்கொண்டு நின்றது. புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எழுந்தேன். மேடையின் படிக்கட்டு அடிவரை போய் நின்றுகொண்டேன். ஏறவில்லை. ஏறவேண்டிய தேவை என்ன, சொன்னால் செய்யமாட்டார்களா? “தனம், என் கைப்பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் இருக்கின்றன,” என்று கீழிருந்து நீட்டினேன். “வட்டமாகத் தேய்க்காதே. ஒரே திசையில் துடை.”

அவள் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக மாறியது.

“ஐயையோ, சாயம் போகுது!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சாயம் இல்லை. நூலில் தடவியிருந்த மஞ்சள் ஸ்பிரிட்டில் கரைந்து வந்தது. மஞ்சள் தண்ணீரைவிட ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். இதை நான் விளக்கினேன். ஆம், அந்த நேரத்தில். புரோகிதரின் மைக் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. என் குரல் மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் போயிற்று. கரைதிறன் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். ஒளிச்சிதறலுக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டுக்கொண்டிருந்தபோது நாதசுரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அம்மா, முகூர்த்தம் போயிட்டிருக்கு,” என்றார்.

அப்போது வதனி பேசினாள். மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்தபடி, மைக்கிலேயே பேசினாள்.

“அத்தை, பாடம் அப்புறம். மேல வாங்க.”

“நான் இங்கிருந்தே சொல்கிறேன், வதனி. உன் அம்மா…”

தனபாக்கியம் முந்திக்கொண்டு, “அத்தை அங்கயே இருக்கட்டும்டி, அவங்க சொல்லச் சொல்ல நான்…” என்றாள்.

“நீ தொடச்சுத்தாம்மா இப்படி ஆச்சு.” வதனி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கூட்டலில் தப்பு விட்ட அதே பார்வை. “வாங்கத்தை. நீங்க வந்தாத்தான் இது மஞ்சளாகும்.”

படிக்கட்டு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். பையைத் துழாவினேன், கையுறை இருந்தது. ஆனால் இந்தக் கை முழுதும் மடங்காது, பாருங்கள், திருகுகள் இருக்கின்றனவே. அவசரத்தில் கையுறை ஏறவில்லை. விட்டுவிட்டேன். நூலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, புதுப் பஞ்சை நனைத்து, ஒரே திசையில், மெதுவாக, வெறுங்கையால் துடைத்தேன். ஒருமுறை. பஞ்சை மாற்றி இன்னொருமுறை. ஸ்பிரிட் காய்ந்தது.

மஞ்சள் வந்தது. சாய்த்துப் பிடித்தேன், மேடை விளக்கில் பளிச்சென்று ஒளிர்ந்தது. மண்டபத்திலிருந்து ஓர் ‘ஆ’ எழுந்தது பாருங்கள், என் பணிக்காலம் முழுவதிலும் எந்த வகுப்பும் எனக்கு அப்படி ஓர் ‘ஆ’ கொடுத்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா, “தங்கம் கெட்டுது போ!” என்றார்.

அந்தப் பெருமையில்தான் பிழை நேர்ந்தது. ஓரத்தைப் பிடித்துத் தட்டில் வைக்க வேண்டியவள், நடுவில் பெருவிரலை ஊன்றிவிட்டேன். எடுத்துப் பார்த்தால் தெளிவாக, ரேகை ரேகையாக, மஞ்சளின் நடுவில் ஒரு பழுப்புத் தடம். வேறு யாருடைய தடமும் இல்லை. அத்தனை பேருடையதையும் நான்தான் துடைத்துவிட்டேனே! என்னுடையது மட்டும். பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தேன்.

வதனி என் மணிக்கட்டைப் பிடித்தாள். சரியாக இந்தத் தழும்பின்மேல்.

“போதும் அத்தை.”

“ஒரே நொடி, வதனி. ரேகை தெரிகிறது.”

“எல்லாரும் தொட்டாங்க. நீங்கதான் தொடலை. இப்பத் தொட்டாச்சு. விடுங்க.” புரோகிதரிடம் திரும்பி, “கட்டச் சொல்லுங்க சாமி,” என்றாள்.

கெட்டிமேளம் முழங்கிவிட்டது. நான் பஞ்சும் கையுமாக மேடையிலேயே நின்றேன். அவளுக்கு அவசரம், வேறொன்றுமில்லை. முகூர்த்தம் தவறிவிடும் என்ற பதற்றம் எந்த மணப்பெண்ணுக்கும் இருக்கும். அட்சதை விழுந்தது. ஸ்பிரிட் நெடியில் என் கண்கள் எரிந்தன. அந்த ஸ்பிரிட் காரம் மிகுந்தது.

பந்தியில் தனபாக்கியம் தானே வந்து எனக்கு இலை போட்டாள். பாயசத்தை ஊற்றிவிட்டுக் குனிந்து, “அத்தனை பேரு ஆசீர்வாதத்தையும் மருந்து போட்டுத் தொடச்சிட்டு, உங்க ஒருத்தர் கையை மட்டும் வச்சிட்டீங்களே அண்ணி,” என்றாள். நான் அறிவியல்முறைப்படி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றினாள். நான் வேண்டாம் என்று கையை இலைமேல் விரிப்பதற்குள் மூன்றாவதையும் ஊற்றிவிட்டாள். கோபம்தான் என்று நினைக்கிறேன்.

வதனி மதுரையில் இருக்கிறாள். அவளிடம்தான் போய்க்கொண்டிருக்கிறேன். கழுத்து நன்றாக இருக்கிறது, ஒரு தடிப்பும் இல்லை. என் ஆய்வின் முடிவு அது. தாலியை அவ்வப்போது ஸ்பிரிட் போட்டுத் துடை என்று சொல்லியிருக்கிறேன். சோப்பு போட்டுக் குளிக்கிறேனே போதாதா என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. திருமணத்தில் எத்தனையோ புகைப்படம் எடுத்தார்கள். மாலை மாற்றும் படம், அருந்ததி பார்க்கும் படம், நல்ல நல்ல படங்கள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, தாலி தட்டில் கிடக்க, அதன்மேல் என் பெருவிரல் ரேகை பழுப்பாகத் தெரிய, பக்கத்தில் என் மணிக்கட்டை அவள் பிடித்திருக்கிற ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். என் மாணவி ஒருத்தி இப்படிப் பிழையோடு ஒரு மாதிரியைச் சமர்ப்பித்திருந்தால் பாதி மதிப்பெண்ணுக்குமேல் கொடுத்திருக்கமாட்டேன். அதை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பார்க்கலாம் அத்தை என்கிறாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரேகையை எந்தத் திரவத்தாலும் துடைக்க முடியாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் போன முறை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து, ஒரே திசையில் துடைத்துப் பார்த்தேன்.

கண்ணாடி சுத்தமாயிற்று. ரேகை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.